மறுநாளும் நிற்கும் பேச்சு

பேச்சு பல வகைப்படும். அறியாத ஒன்றை அறிவிப்பது ஒரு வகை. அறிந்த ஒன்றைச் சுவைபட எடுத்துரைத்து மகிழ்விப்பது மற்றொரு வகை. இவ்விரண்டினும் வேறாய், கேட்போரை ஒரு முடிவுக்கு இசையச் செய்து, அம்முடிவின்படி நடக்கவும் தூண்டுவது மூன்றாம் வகை. இதனை என் வகுப்பு மாணவர்க்கு 'இணக்குரை' என்னும் பெயரால் அறிமுகப்படுத்துவது என் வழக்கம். நீதிமன்றத்தில் வழக்கறிஞர் பேசுவதும், சட்டமன்றத்தில் உறுப்பினர் பேசுவதும், ஊர்க்கூட்டத்தில் ஒருவர் எழுந்து குளத்தைத் தூர் வார வேண்டும் என்று பேசுவதும் இவ்வகையே. மேற்படிப்புக்கு வெளியூர் செல்லத் தந்தையிடம் இசைவு கேட்கும் மகளின் பேச்சும் இவ்வகையே ஆகும். ஆதலின் இக்கலை மேடை ஏறுவார்க்கு மட்டும் உரியதன்று. மக்களோடு கூடி வாழ்வார் அனைவர்க்கும் வேண்டுவது.

பேச்சுப் பயிற்சி வகுப்பிற் சேரும் மாணவர் பலர் முதன்முதலில் கேட்கும் வினா ஒன்று உண்டு. "கைதட்டல் பெறுவது எப்படி?" என்பதே அவ்வினா. அவ்வினாவை நான் வெறுப்பதில்லை. இளமையின் இயல்பான ஆவல் அது. ஆயினும் அதற்கு விடை கூறுமுன் வேறொரு வினாவை அவர்முன் வைப்பேன். "உன் பேச்சை நம்பி ஒருவர் ஒரு செயலைச் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள். மறுநாட் காலையில் அவர் உன்னை வாழ்த்துவாரா, தம்மையே நொந்துகொள்வாரா?" என்று கேட்பேன். இணக்குரையை ஆயத்தம் செய்வதும் மதிப்பிடுவதும் ஆகிய இரண்டிற்கும் இந்த வினாவே உரைகல் என்பது என் கருத்து. அதனை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நம் முன்னோர் இக்கலையை ஆழ்ந்து எண்ணியவர். திருக்குறளின் பொருட்பாலில் சொல்வன்மை என்று ஓர் அதிகாரம் உண்டு. அவையறிதல் என்று ஓர் அதிகாரம் உண்டு. அவை அஞ்சாமை என்று மற்றோர் அதிகாரமும் உண்டு. ஒன்று சொல்லைப் பற்றியது. ஒன்று கேட்போரைப் பற்றியது. ஒன்று பேசுவோன் நெஞ்சுரத்தைப் பற்றியது. கிரேக்க நாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில், பேச்சுக் கலையைப் பற்றித் தனி நூலே செய்தார். பேசுவோனுடைய பண்பின்மேல் கேட்போர் வைக்கும் நம்பிக்கை, கேட்போர் உள்ளத்தில் எழும் உணர்ச்சி, பேச்சிலே அமைந்த காரண காரியம் என்று இணங்க வைக்கும் வழிகளை அவர் மூன்றாக வகுத்தார். இம்மூன்றும் ஒத்து நிற்கும்போதுதான் பேச்சு முழுமை பெறும். ஒன்று மட்டும் மிகுந்து மற்றவை குன்றினால் என்ன நேரும் என்பதற்கு அந்தக் கிரேக்க நாட்டு வரலாறே ஒரு சான்று தருகிறது.

லெஸ்பாஸ் என்னும் தீவில் மித்திலீனி என்றொரு நகரம் உண்டு. அது ஏதென்ஸ் நகரத்தோடு நட்புறவு பூண்டிருந்தது, பின்பு கி.மு. 428-இல் அதனை எதிர்த்துக் கிளர்ந்தது. அடுத்த ஆண்டு தோற்றுப் பணிந்தது. பணிந்தவரை என்ன செய்வது என்று முடிவு செய்ய ஏதென்ஸ் மக்கள் அவை கூடினர். அவர்கள் கடுஞ்சினத்தில் இருந்தனர். அந்நகரத்து வயது வந்த ஆடவர் அனைவரையும் கொன்றுவிடுவது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றுவிடுவது என்று அவை தீர்மானித்தது. அத்தீர்மானத்தை முன்னின்று நிறைவேற்றுவித்தவர் கிளியோன் என்பவர். அக்காலத்து மக்களிடையே பெருஞ்செல்வாக்குடைய பேச்சாளர். ஆணையை ஏந்திக்கொண்டு அன்றே ஒரு கப்பல் புறப்பட்டுவிட்டது.

மறுநாள் பொழுது விடிந்தது. கிளர்ச்சி செய்தார் சிலருக்காக ஒரு நகரத்தையே அழிப்பதா என்று பலர் நெஞ்சம் உறுத்தத் தொடங்கியது. அவை மீண்டும் கூடியது. முதலில் கிளியோனே எழுந்தார். நேற்றுச் செய்த முடிவை இன்று மாற்றுவது பேதைமை என்றார். இரக்கமும் பேச்சின் இனிமையும் அரசாள்வோர்க்கு ஆகாதவை என்றார். ஏதென்ஸ் மக்கள் நாடகம் பார்ப்பவரைப் போலப் பேச்சைச் சுவைக்கிறார்கள் என்று கடிந்தார். தம்மை மறுத்துப் பேச எழுவோர் கைக்கூலி பெற்றவராகவே இருத்தல் கூடும் என்றும் குறிப்பாகச் சாடினார்.

அடுத்து எழுந்தவர் டயோடோட்டஸ் என்பவர். அவரைப் பற்றி இந்த ஒரு சொற்பொழிவன்றி வேறு செய்தி வரலாற்றில் நமக்குக் கிடைக்கவில்லை. விரைவும் சினமும் நல்லாலோசனைக்குப் பகை என்று அவர் தொடங்கினார். பின்பு வியப்பான ஒரு காரியம் செய்தார். மித்திலீனி மக்கள்மேல் இரக்கம் காட்டுங்கள் என்று அவர் கெஞ்சவில்லை. "அவர்கள் குற்றவாளிகளா என்பது நமக்கு வினா அன்று, நமக்கு எது நன்மை என்பதே வினா" என்னும் பொருள்பட வாதத்தை நடத்தினார். மரண தண்டனை மனிதரைக் குற்றத்தினின்று தடுத்துவிடுவதில்லை என்று காட்டினார். பணிந்தாலும் சாவுதான் என்று தெரிந்தால், இனிக் கிளரும் நகரம் எதுவும் இறுதிவரை பணியாது. முற்றுகைச் செலவு நமக்கே பெருகும் என்றார். மித்திலீனியில் பொதுமக்கள் கைக்கு ஆயுதம் வந்தவுடன் நகரத்தை நம்மிடம் ஒப்படைத்தனர். அவர்களையும் கொன்றால் மற்ற நகரங்களில் நம்பால் அன்புடைய பொதுமக்களையும் பகைவராக்கிக் கொள்வோம் என்றார்.

வாக்கெடுப்பு நடந்தது. இருபக்கமும் ஏறத்தாழச் சமமாகவே கை உயர்ந்தது. டயோடோட்டஸ் பக்கம் சிறிதே மிகுந்தது. உடனே இரண்டாவது கப்பல் விடப்பட்டது. முதற் கப்பல் ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் முன்னே சென்றிருந்தது. துடுப்பு வலிப்போர் கையை நிறுத்தாமலே மதுவும் எண்ணெயும் பிசைந்த வாற்கோதுமை மாவை உண்டனர். முறை வைத்து உறங்கினர். முதற் கப்பலில் இருந்தவரோ, தாம் ஏற்ற கொடுந்தொழிலை நினைந்து விரையாமற் சென்றனர். படைத்தலைவர் முதல் ஆணையைப் படித்து முடித்து, அதனை நிறைவேற்ற இருந்த தறுவாயில் இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது. நகரம் பிழைத்தது. ஆயினும் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் என்று பிடிக்கப்பட்ட 1000-க்கும் மேற்பட்டோர் பின்னர்க் கிளியோனின் தீர்மானத்தின்படி கொல்லப்பட்டனர் என்று இவ்வரலாற்றை எழுதிய துசிடிடீஸ் கூறுகிறார். பேச்சுக்களைச் சொல்லுக்குச் சொல் அப்படியே தந்ததாக அவர் கூறவில்லை. பேசியவற்றின் பொதுக்கருத்தைத் தழுவித் தம் நடையில் அமைத்ததாகவே கூறுகிறார்.

மாணவர்களே, இந்நிகழ்ச்சியை உங்கள் மதிப்பெண் தாளோடு சென்று கேட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதல் நாளில் வென்றவர் கிளியோன். கேட்போர் மனத்தை அசைத்தார், வாக்குப் பெற்றார், செயலும் தொடங்கிவிட்டது. வெற்றியே அளவுகோல் என்றால் அவருக்கு நூற்றுக்கு நூறு அளித்துவிட வேண்டும். ஆனால் அவ்வெற்றி ஓரிரவு உறக்கத்தைத் தாங்கவில்லை. ஏன்? கேட்போரிடம் முன்னமே இருந்த சினத்தைத்தான் அது பயன்படுத்திக்கொண்டது. சினம் தணிந்ததும் பேச்சும் சரிந்தது. டயோடோட்டஸ் தந்ததோ காரணங்கள். அவற்றைக் கேட்டவர் வீட்டுக்குச் சென்ற பின்னும் எண்ணிப் பார்க்கலாம். அண்டை வீட்டாரிடம் எடுத்துச் சொல்லலாம். கைதட்டல் பேச்சாளரோடு மேடையை விட்டு இறங்கிவிடும். காரணம் கேட்டவரோடு வீட்டுக்குச் செல்லும்.

ஆனால் டயோடோட்டஸ் பேச்சையும் தேர்வின்றி ஏற்க வேண்டியதில்லை. நன்மை தீமையை மட்டும் எடைபோட்டு, அறம் எது என்ற வினாவை அவர் ஒதுக்கி வைத்தது சரிதானா என்று நீங்கள் வினவலாம். வினவ வேண்டும். சினங்கொண்ட அவையில் இரக்கம் எடுபடாது என்று உணர்ந்து அவர் அவ்வழியைத் தேர்ந்தார் எனலாம், அதுவே அவையறிதல். எனினும் நாளைக்கு ஒரு கொடுஞ்செயலே ஊதியம் தருவதாகத் தோன்றினால், இதே வாதமுறை அதற்கும் துணை போகும் அன்றோ? வென்ற பேச்சிலும் குறை காணத் தெரிந்தவனே நல்ல மதிப்பீட்டாளன்.

இனி, ஆயத்தம் செய்யும் முறைக்கு வருவோம். எளிய பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'நம் கல்லூரி நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்க வேண்டும்' என்பது பொருள் என்க. முதலில் இது எவ்வகைக் கூற்று என்று தெளிய வேண்டும். நூலகம் இப்பொழுது எத்தனை மணிக்கு மூடப்படுகிறது என்பது உண்மை பற்றிய கூற்று. அதனைக் கணக்கால் தீர்க்கலாம். தேர்வுப் படிப்பைக் காட்டிலும் நூலகப் படிப்பே உயர்ந்தது என்பது மதிப்புப் பற்றிய கூற்று. அது விவாதத்துக்கு உரியது. திறந்திருக்க வேண்டும் என்பது செய்கை பற்றிய கூற்று. செய்கையை வலியுறுத்த வந்தவன் உண்மையையும் மதிப்பையும் முன்னதாக நிலைநாட்டிக்கொள்ளல் வேண்டும். அடித்தளம் இடாமல் மேல்மாடி எழுப்ப இயலாது.

அடுத்து, யாரிடம் பேசப் போகிறோம் என்பதை எண்ண வேண்டும். மாணவர் கூட்டத்தில் இப்பொருளைப் பேசினால் அனைவரும் ஆரவாரிப்பர். ஆனால் நூலகத்தைத் திறந்து வைக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. முடிவு செய்பவர் முதல்வர். பொறுப்பை ஏற்பவர் நூலகர். நூலகருக்கு வீடு திரும்பும் கவலை உண்டு. மின்கட்டணம் உண்டு. சிற்றூரிலிருந்து வரும் மாணவியர்க்குக் கடைசிப் பேருந்து ஆறரை மணிக்கே போய்விடும் என்றால், இத்திட்டத்தால் அவர்க்கு என்ன பயன் என்ற வினாவும் உண்டு. இத்தடைகளைப் பிறர் எழுப்புமுன் நீங்களே எழுப்புங்கள். எதிர்க்கட்சியின் வாதத்தை அவர் சொல்வதினும் நன்றாகச் சொல்லி, பின்பு அதற்கு விடை கூறுங்கள். அவ்வாறு செய்யும்போது வாதமும் வலுப்பெறும். இவன் நேர்மையாளன் என்ற நம்பிக்கையும் கூடவே பிறக்கும்.

பின்னர்ச் சான்று தேட வேண்டும். 'மாணவர் பலர் ஏமாற்றத்துடன் திரும்பிச் செல்கின்றனர்' என்று சொன்னால் ஒருவரும் அசையார். ஒரு வாரம் மாலைதோறும் நூலக வாயிலில் நின்று, மூடும்போது உள்ளே இருந்து எழுந்து வருவோர் எத்தனை பேர், மூடியபின் வந்து திரும்புவோர் எத்தனை பேர் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறு தாள் பெரிய சொல்லடுக்கைவிட வலியது. எண்ணிக்கை நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தால், அதையும் மறைக்காமற் சொல்லி, கோரிக்கையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் போதும் என்று கேளுங்கள்.

சான்றின் ஆற்றலுக்குச் சிலப்பதிகாரத்து வழக்குரை காதையினும் சிறந்த காட்சி ஏது? கண்ணகியின் துயரம் கேட்போர் நெஞ்சை உருக்குவது. ஆயினும் பாண்டியன் அவையில் வழக்கைத் தீர்த்தது அழுகை அன்று. தன் சிலம்பின் பரல் மணி என்றாள் அவள். அரசியின் சிலம்பின் பரல் முத்து என்றான் மன்னன். எதனால் உண்மை தெரியும் என்பது இருவர் வாய்மொழியாலும் முன்னதாகவே உறுதிப்பட்டுவிட்டது. அதன் பின்னரே சிலம்பு உடைந்தது, மணி தெறித்தது, மறுக்க இடமில்லாமற் போயிற்று. எதிர்த்தரப்பும் ஒப்புக்கொண்ட சோதனையைக் கொண்டு நிறுவுவதே சான்றுகளில் தலையாயது. நீங்களும் வாயிலில் நின்று எண்ணுமுன் நூலகரிடம் சென்று, "இத்தனை பேர் இருந்தால் நீங்கள் இதைக் கருதிப் பார்ப்பீர்களா?" என்று கேட்டுக்கொள்ளலாம்.

திரட்டியவற்றை வரிசைப்படுத்துவது அடுத்த வேலை. அமெரிக்க நாட்டில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேச்சுக் கலை கற்பித்த ஆலன் மன்ரோ என்னும் பேராசிரியர் 1930-களில் ஐந்து படிகள் கொண்ட அமைப்பு ஒன்றை வகுத்தார். முதலிற் கேட்போர் கவனத்தை ஈர்த்தல். பின்பு குறை ஒன்று உள்ளதென உணர்த்தல். அதனைத் தீர்க்கும் வழியைக் கூறல். அவ்வழியை மேற்கொண்டால் விளையும் நிலையை மனக்கண்முன் நிறுத்தல். இறுதியில் இன்னது செய்க என வேண்டல். உலகெங்கும் பேச்சு வகுப்புகளில் இன்றும் கற்பிக்கப்படும் முறை இது. இதில் மாணவர் வழுக்கி விழும் இடம் மூன்றாம் படி. குறையை உருக்கமாக விரித்துப் பேசிவிட்டு, தீர்வை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவர். யார், எப்பொழுது, எவ்வளவு செலவில் செய்வது என்று சொல்லாத தீர்வு தீர்வாகாது. இறுதி வேண்டுகோளும் கேட்போர் கைக்கு எட்டுவதாக இருத்தல் வேண்டும். 'அறிவொளி பரப்புவோம் வாரீர்' என்பதைவிட, 'வரும் திங்கள் முதல் ஒரு மாதம் சோதனையாகத் திறந்து பார்க்க இசைவு தாருங்கள்' என்பது நூறு மடங்கு பயனுடையது.

எழுதி மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டா. முழுவதையும் ஒருமுறை எழுதிப் பார்த்து, பின்பு குறிப்புகளை மட்டும் ஓர் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். 5 நிமிடப் பேச்சுக்கு 500 சொற்களுக்குமேல் வைத்துக்கொள்ள வேண்டா. நிறுத்திப் பேசவும், முகம் பார்த்துப் பேசவும் இடம் வேண்டும் அல்லவா? வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கண்ணுக்கு அழகாகத் தோன்றிய தொடர் நாவில் தடுக்குமானால் அதனை மாற்றுங்கள்.

மதிப்பிடுவது பேசுவதினும் அரிய கலை. என் வகுப்பில் ஒருவர் பேசி முடித்ததும் கேட்டவர் ஒவ்வொருவரும் மூன்று வரி எழுத வேண்டும். பேசியவர் என்னிடம் வேண்டியது யாது? அதற்குக் கூறிய தலையாய காரணம் யாது? என் மனத்தில் இன்னும் தீராத ஐயம் யாது? இவ்வளவே. பேசியவர் அத்தாள்களைத் தம் குறிப்பட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். முதல் வரியிலேயே பத்துப் பேர் பத்து விதமாக எழுதியிருந்தால், குரலும் கையசைவும் எத்துணை அழகாயினும் அப்பேச்சு இலக்கை எய்தவில்லை என்பது வெளிப்படை.

மதிப்பெண் வழங்குவதிலும் ஒரு முறை கொள்கிறேன். காரணத்துக்கும் சான்றுக்கும் 40, எதிர்வாதத்தை நேர்மையாக எடுத்து விடையளித்ததற்கு 20, அமைப்புக்கு 20, குரல், நிற்கும் முறை, சொற்றிருத்தம் ஆகியவற்றுக்கு 20. இயல்பாகவே குரல்வளம் படைத்தவர் சிலர். திக்கிப் பேசுபவர் சிலர். உழைத்தால் எவரும் பெறக்கூடியவற்றுக்கே மிகுதியான எண் வைத்தல் நீதி.

குறை கூறும்போது பேச்சைப் பற்றிப் பேச வேண்டுமேயன்றிப் பேசினவரைப் பற்றி அன்று. 'நன்றாக இருந்தது' என்பதும் 'எடுபடவில்லை' என்பதும் ஒருவர்க்கும் உதவா. 'இரண்டாம் காரணம் முதற் காரணத்தையே வேறு சொற்களில் கூறுகிறது' என்று இடம் சுட்டிச் சொல்லுங்கள். ஒருமுறைக்கு ஒரு திருத்தம் போதும். பத்தும் ஒருங்கே சொன்னால் அவர் ஒன்றையும் திருத்திக்கொள்ளார்.

இவற்றோடு மற்றொரு சோதனையும் உண்டு. பேச்சுக்கு முன்னர் அனைவரிடமும் ஒரு சீட்டு வாங்குவேன்; பொருளுக்கு இசைவா, மறுப்பா, ஐயமா என்று எழுதித் தருவர். பேச்சு முடிந்தவுடன் இரண்டாம் சீட்டு. இவ்விரண்டையும் ஒப்பிட்டு எத்தனை பேர் மனம் மாறினர் என்று காண்பது வழக்கமான முறையே. நான் அடுத்த வகுப்பில் மூன்றாம் சீட்டும் வாங்குகிறேன். இரண்டாம் சீட்டில் எல்லோரையும் தம்பக்கம் ஈர்த்த பேச்சாளர், மூன்றாம் சீட்டில் பாதிப்பேரை இழந்து நிற்பதுண்டு. அடங்கிய குரலில், ஆனால் ஆய்ந்து பேசியவர் மூன்றாம் சீட்டில் கூடுதலாகப் பெறுவதும் உண்டு. ஏதென்ஸ் அவையின் மறுநாட் காலையை என் வகுப்பறைக்குக் கொண்டுவரும் சிறு முயற்சியே இந்த மூன்றாம் சீட்டு.

உங்களுள் பலர் பெரும் பேச்சாளர் ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஆனால் அனைவரும் வாழ்நாள் முழுவதும் பிறர் பேச்சைக் கேட்கப் போகிறவர்கள். பதினெட்டு வயது நிறைந்ததும் வாக்களிக்கப் போகிறவர்கள். மேடையிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் ஓயாமல் உங்களை இணங்க வைக்கப் பலர் முயல்வர். அப்பொழுது இம்மூன்றைக் கேட்டுப் பாருங்கள். கூறிய செய்திக்குச் சான்று எங்கே? எதிர்த்தரப்பை வாதத்தால் மறுக்கிறாரா, வசையால் மறுக்கிறாரா? இன்றே முடிவு செய் என்று என்னை விரைவுபடுத்துவது ஏன்? இவற்றுக்குத் தக்க விடை இல்லையெனில், ஓரிரவு பொறுத்திருங்கள். கப்பலை அனுப்ப அவசரப்பட வேண்டா. நீங்கள் பேசும் முறை வரும்போதும், கேட்பவர்க்கு அந்த ஓரிரவை அஞ்சாமல் அளிக்கக்கூடிய பேச்சையே ஆயத்தம் செய்யுங்கள்.